விடை பூச்சியம் என்று வந்தால்: கணக்கில் மாட்டிக்கொண்ட நாட்களும் கை கொடுத்தவர்களும்

மண்டூர்க்காரன்:
2016 இல் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். இணைந்த கணிதத்துக்குத் தனியார் வகுப்பு மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், களுவாஞ்சிகுடியில். வாவியைக் கடக்க மண்முனையில் அதற்கு முன்பே பாலம் வந்துவிட்டது. எங்களுக்குக் குருமண்வெளிப் பாதைதான். (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் தெரு அல்ல. மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.)

அன்றைய வீட்டுக்கணக்கு இது. நேரத்தின் வர்க்கத்திலிருந்து நேரத்தின் நான்கு மடங்கைக் கழித்து 3 ஐக் கூட்டினால் துணிக்கையின் வேகம். முதல் 3 செக்கனில் அது சென்ற தூரம் எவ்வளவு? தொகையிட்டேன். 9 சய (கழித்தல்) 18 சக (கூட்டல்) 9. பூச்சியம்! மூன்று செக்கன் ஓடிய துணிக்கை ஓரடியும் நகரவில்லையாம். அழித்து மறுபடி செய்தேன். மறுபடியும் பூச்சியம். அழிறப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். வகுப்பில் கேட்டால் சேர் "அடுத்த கணக்கு" என்பார். நூறு பிள்ளைகளுக்கு நடுவில் அவரையும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் பாதையில் பக்கத்தில் நின்றவர் கொப்பியை எட்டிப் பார்த்தார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் அண்ணா ஒருவர். பேனாவை வாங்கவே இல்லை. "தம்பி, இந்தப் பாதை குருமண்வெளிக்குப் போய்த் திரும்பி மண்டூருக்கே வந்தால் டீசல் செலவாகாதா?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. முதலாம் செக்கன் முடிவில் வேகம் பூச்சியமாகிறது. அதன்பின் மறைப் பெறுமானம், துணிக்கை திரும்பி வருகிறது. போனது 4/3 மீற்றர், வந்தது 4/3 மீற்றர். இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து முடிவில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது) பூச்சியம், ஓடிய மொத்தத் தூரம் 8/3 மீற்றர். விடை பிழையில்லை, கேட்கப்படாத கேள்விக்கு விடை எழுதியிருந்தேன். கரை சேருமுன் அவரிடம் பெயர் கேட்கவும் மறந்துவிட்டேன்.

கல்முனைத் தங்கை:
எனக்கு உதவி அதிகமாகிப் போனதுதான் வினை. இரவு பத்து மணிக்குக் கணக்கைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஐந்து நிமிடத்தில் யாராவது முழு விடையையும் அனுப்பிவிடுவார்கள். அழகாகப் பார்த்தெழுதினேன். தவணைப் பரீட்சையில் கப்பிக் கணக்கு வந்தது: இழையின் இரு முனைகளிலும் 3 கிலோகிராம், 2 கிலோகிராம். இழுவை (இழையிலுள்ள இழுவிசை) 3 கிலோகிராமின் நிறை என்று துணிந்து எழுதிவைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா தாளைப் பார்த்துச் சிரித்தார். "இழுவையும் நிறையும் சமமென்றால் அந்த 3 கிலோகிராம் ஏன் புள்ளே கீழே இறங்குகிறது?" பிறகு ஒவ்வொரு திணிவுக்கும் தனித்தனியாக விசைகளைக் குறிக்க வைத்தார். இழுவை 2.4 கிலோகிராமின் நிறை, ஆர்முடுகல் (வேகம் கூடும் வீதம்) புவியீர்ப்பு ஆர்முடுகலில் ஐந்தில் ஒன்று. அந்த அக்காவிடம் இன்னமும் ஏச்சு வாங்குகிறேன்.

திருக்கோவில் அம்மா:
மகனுக்குப் பாடம் விளங்கவில்லையென்று இந்தியத் தமிழ்க் காணொளிகளைப் பார்க்கச் சொன்னேன். அவன் இன்னும் குழம்பிப்போனான். காரணம் பிடிபட ஒரு மாதமாயிற்று. நம் இலங்கைப் பாடநூலில் திசையோடு சொல்வது வேகம், திசையில்லாதது கதி. அங்கே திசையோடு சொல்வது திசைவேகம். வேகம் என்றால் நம்முடைய கதி! நம்முடைய திணிவு அவர்களுக்கு நிறை, நம்முடைய நிறை அவர்களுக்கு எடை. ஆர்முடுகல் அங்கே முடுக்கம். பையன் கிலோகிராமையும் நியூற்றனையும் கலந்து சாம்பாராக்கியிருந்தான். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது, அதில் குறையில்லை. இப்போது இரண்டு சொற்களையும் எதிரெதிரே எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறோம்.

அக்கரைப்பற்று மாணவன்:
மண்டூர் அண்ணா, உங்கள் கணக்கை 4 செக்கன் வரை செய்து பார்த்தேன். மூன்றாவது செக்கன் முடிவில் துணிக்கை மறுபடியும் திரும்புகிறது. இடப்பெயர்ச்சி 4/3 மீற்றர், தூரம் 4 மீற்றர். சரியா?

மண்டூர்க்காரன்:
சரி தம்பி. அப்படியென்றால் பாதை இப்போது குருமண்வெளிப் பக்கம் நிற்கிறது.