மைல்ஸ் வித்தே ஏர்லைன் பணம் பாக்குதாம்... அப்போ சேத்து வச்ச நம்ம கதி?

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருஷமா ஒரே ஏர்லைன் கார்டைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன், செலவு பண்ணா டிக்கெட்டுக்கு மாத்திக்கிற பாயிண்ட்ஸ், அதான் மைல்ஸ், சேரும்ல. கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்ஷூரன்ஸ், எதுவா இருந்தாலும் அதுலதான். அப்பா அம்மாவை ஒரு தடவையாவது கால் நீட்டிப் படுத்துக்கிட்டுப் போற சீட்ல ஏத்திவிடணும்னு ஆசை, அவ்வளவுதான். ரெண்டு டிக்கெட்டுக்கு மைல்ஸ் தேறிடுச்சுன்னு நம்பி சைட்டைத் திறந்தா, அதே ரூட், அதே பிசினஸ் கிளாஸ், முன்ன பாத்ததை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கேக்குது. மெயில் கிடையாது, அறிவிப்பு கிடையாது. கஸ்டமர் கேர்ல இருந்த பொண்ணு ரொம்ப மரியாதையா "டைனமிக் பிரைசிங் சார், டிமாண்டைப் பொறுத்து விலை மாறும்"னு சொல்லிட்டு, வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டுச்சு.

கடுப்புல கொஞ்சம் தேடிப் படிச்சேன். பெரிய ஏர்லைன்ஸுக்கெல்லாம் இந்த மைல்ஸ் திட்டம்தான் லாபம் கொட்டுற இடமாம். எனக்குப் புரியவே இல்லை. சும்மா குடுக்கிற சீட்ல லாபம் எப்படி வரும்? அவ்வளவு வருதுன்னா, அதுக்குக் காரணமான மெம்பரையே ஏன் பிழியணும்? அப்புறம் ஒரு சொந்த விஷயம்: இன்னொரு பேங்க் கார்டுல கொஞ்சம் ரிவார்டு பாயிண்ட்ஸ் கிடக்கு. விலை இன்னும் ஏறுறதுக்குள்ள அதையும் மைல்ஸா மாத்திடலாமா?

டேக்ஆஃப்_தம்பி:

சும்மான்னு யாருண்ணே சொன்னது? அமெரிக்க ஏர்லைன் டெல்டா 2023ல கார்டு கம்பெனி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்கிட்ட இருந்து வாங்கினது மட்டும் 680 கோடி டாலர். அந்த வருஷம் கம்பெனியோட மொத்த ஆபரேட்டிங் லாபமே 550 கோடிதான். பிளேன் ஓட்டுறது சைடு பிசினஸ், கார்டுதான் மெயின். ஏர்லைன்னு போர்டு மாட்டின பேங்க் அது!

வரவுசெலவு:

தம்பி, 680 கோடி என்பது வரவு. 550 கோடி என்பது செலவெல்லாம் போன மிச்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரே காதைத் திருகுவார். அந்த 680ல் ஒரு பகுதி, நாளைக்கு சீட்டாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். ஆனாலும் நீங்கள் கை காட்டும் திசை சரிதான்.

ஜன்னலோரம், நான் ஒரு ஏர்லைனில் மைல்ஸ் திட்டத்தை நடத்தும் லாயல்டி பிரிவில் கணக்கு எழுதியவன். எது என்பது வேண்டாம். அந்த சீட் சும்மா கொடுக்கப்படுவதே இல்லை. நீங்கள் கார்டில் ஃபீஸ் கட்டும்போது, பணம் வாங்குகிறவர் அதில் ஒரு கமிஷனை இழக்கிறார். அதில் பெரும்பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த பேங்குக்குப் போகிறது. அந்தப் பணத்தைக் கொண்டு பேங்க் ஏர்லைனிடம் மைல்ஸை மொத்தமாக வாங்கி உங்கள் கணக்கில் போடுகிறது. ஐரோப்பிய யூனியன் 2015ல் பேங்குக்குப் போகும் இந்தப் பங்கை கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப் போட்டது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. அங்கே கார்டு போனஸை வாரி இறைப்பதற்கும், ஐரோப்பாவில் கிள்ளிக் கொடுப்பதற்கும் இது பெரிய காரணம்.

ஏர்லைனுக்குப் பணம் இன்றைக்கு, சீட் என்றைக்கோ. வந்த பணத்தைப் புத்தகத்தில் இரண்டாகப் பிரிப்போம். ஏர்லைன் பெயரையும் மெம்பர் பட்டியலையும் பேங்க் பயன்படுத்திக்கொள்வதற்கான பங்கு உடனே வருமானம். மீதி, நீங்கள் சீட் எடுக்கும் வரை கடன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த மீதியிலும் ஒரு பகுதி யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டி வராது. காலாவதி ஆனது, மறந்துபோனது, ஒரு டிக்கெட்டுக்கும் தேறாமல் துண்டு துண்டாகக் கிடப்பது, இறந்தவர் கணக்கில் தூங்குவது எல்லாம் இதில் சேரும். இதற்கு ப்ரேக்கேஜ் என்று பெயர். காலாண்டு முடிவில் எங்கள் அறையில் குரல் உயர்ந்தது என்றால் பெரும்பாலும் இந்த ப்ரேக்கேஜ் எத்தனை சதவீதம் என்பதற்காகத்தான் இருக்கும். எக்செல்லில் ஒரே ஒரு கட்டம். அதைக் கொஞ்சம் ஏற்றினால் வருமானம் ஏறும், ஆடிட்டர் முறைப்பார்.

சரி, சீட்டுக்கு என்ன செலவு? எப்படியும் காலியாகப் போகும் என்று கணித்த சீட்டைத்தான் மைல்ஸுக்குத் திறப்பார்கள். சாப்பாடு, கொஞ்சம் கூடுதல் எரிபொருள், அவ்வளவே. லாபம் பிறக்கும் இடம் இதுதான்.

இது எவ்வளவு பெரிய தொழில் என்பது கொரோனா வரும் வரை வெளியாட்களுக்குச் சரியாகத் தெரியாது. 2020ல் விமானமெல்லாம் தரையில் நின்றபோது அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ்பிளஸ் என்ற மைல்ஸ் திட்டத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியது. கடன் கொடுப்பவர்களுக்குக் கணக்கைத் திறந்து காட்டியாக வேண்டுமே! 2019ல் மைல்ஸ் விற்று வந்தது 530 கோடி டாலர், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 180 கோடி, திட்டத்தின் மதிப்பு சுமார் 2,190 கோடி என்று போட்டார்கள். அப்போது பங்குச் சந்தையில் மொத்தக் கம்பெனியின் மதிப்பே அதில் பாதி அளவுதான். பின்னாலேயே டெல்டா தன் திட்டமான ஸ்கைமைல்ஸை வைத்து 900 கோடி, 2021ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டமான அட்வான்டேஜை வைத்து 1,000 கோடி திரட்டின.

ஆனால் இந்த மதிப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். திட்டம் தன் மெம்பருக்கான சீட்டைத் தன் சொந்த ஏர்லைனிடமே வாங்குகிறது. என்ன விலைக்கு? அவர்களுக்குள் பேசிக்கொண்ட விலைக்கு. அதைக் குறைத்துப் போட்டால் திட்டம் லாபத்தில் மிதக்கும், விமானப் பிரிவு நஷ்டம் என்று முனகும். தராசும் அவர்கள் கையில், படிக்கல்லும் அவர்கள் கையில். பிளேன் இல்லாமல் மைல்ஸை எவன் வாங்குவான் என்ற கேள்விக்கு அந்த மதிப்பீட்டில் பதில் கிடையாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1981ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதைத் தொடங்கியபோது பறந்தால்தான் மைல்ஸ். பறக்கிறவர் எண்ணிக்கையோடு சேர்ந்துதான் மைல்ஸும் ஏறும். 1987ல் சிட்டிபேங்க் கார்டு வந்த பிறகு விமானத்துக்கும் மைல்ஸுக்கும் இருந்த கயிறு அறுந்துவிட்டது. இன்றைக்கு வீட்டைவிட்டு நகராதவர்கூட மைல்ஸ் குவிக்கிறார். சீட் அதே அளவு ஏறவில்லை. போதாக்குறைக்கு, கடைசி வரை விற்காத பிசினஸ் சீட்டை முன்பு மைல்ஸ்காரருக்கு விட்டார்கள். இப்போது செக்-இன் நேரத்தில் "இவ்வளவு கட்டினால் அப்கிரேடு" என்று எகானமி பயணியின் போனுக்கே அனுப்பிக் காசாக்கிவிடுகிறார்கள்.

மெயில் வரவில்லை என்றீர்களே. முன்பு இந்த மண்டலத்துக்கு இவ்வளவு மைல்ஸ் என்று ஒரு சார்ட் இருக்கும். மாற்றினால் சொல்லியாக வேண்டும், சொன்னால் மெம்பர்கள் சண்டைக்கு வருவார்கள். டெல்டா 2015ல் சார்ட்டையே எடுத்துவிட்டது, யுனைடெட் 2019ல். சார்ட் இல்லை என்றால் மாற்றமும் இல்லை, அறிவிப்பும் இல்லை. கடன் பக்கத்தில் இருக்கும் சுமையை சத்தமில்லாமல் குறைக்க இதைவிட வசதியான வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

இடைநில்லா:

வரவுசெலவு சார் எல்லாத்தையும் சொல்லிட்டு ஒரு ஆளை மட்டும் விட்டுட்டார்: கார்டே இல்லாம காசு குடுத்து வாங்குறவங்க. கடைக்காரர் கமிஷனையும் சேர்த்துத்தானே விலை வைக்கிறார்? அதை அவங்களும் கட்டுறாங்க, மைல்ஸ் மட்டும் நமக்கு. ஏமாந்துட்டோம்னு நாம ஒப்பாரி வைக்கிறது கொஞ்சம் ஓவர்தான். நான் பல தடவை நல்ல சீட் எடுத்திருக்கேன். மெம்பர் கத்தினா வேலைக்கே ஆகாதுன்னும் இல்லை. 2023 செப்டம்பர்ல டெல்டா, அடிக்கடி பறக்கிறவங்களுக்குச் சலுகை தர்ற ஸ்டேட்டஸ் விதியையும் ஏர்போர்ட் லவுஞ்ச் விதியையும் கண்டபடி இறுக்கினாங்க. கிளம்பின கோபத்துல தலைவரே "அளவு மீறிட்டோம்"கிற மாதிரி பேச வேண்டி வந்துச்சு, அடுத்த மாசமே பாதியைத் தளர்த்தினாங்க. பாதிதான், ஆனா தளர்த்தினாங்க.

கருப்புக்கோட்டு:

கத்துவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது அம்மா. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் உயர் ஸ்டேட்டஸ் வைத்திருந்த ஒரு யூத மதகுரு அடிக்கடி புகார் கொடுக்கிறார் என்று 2008ல் அவரைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். புகார்களில் பல, பெட்டி பெல்ட்டுக்கு வரத் தாமதம் என்கிற ரகம். நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை என்று வழக்குப் போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014ல் அந்த வாதத்தை ஏற்கவில்லை: மத்திய அரசின் விமானக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் அத்தகைய கோரிக்கையைத் தடுக்கிறது என்று ஒருமனதாகத் தீர்ப்பு.

விதிமுறையில் "மைல்ஸ் மெம்பரின் சொத்து அல்ல" என்ற வரி ஏறக்குறைய எல்லாத் திட்டத்திலும் இருக்கும். யாராவது படித்திருக்கிறீர்களா? 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் நான்கிடமும் மதிப்புக் குறைப்பு, ஒளிந்திருக்கும் விலை பற்றி விளக்கம் கேட்டதே இந்தப் பின்னணியில்தான்.

திட்டம் தனிக் கம்பெனியாக இருந்தால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது அபுதாபி ஏர்லைன் எதிஹாட் பெரும்பங்கு வைத்திருந்த அதன் மைல்ஸ் திட்டக் கம்பெனி ஜெட்பிரிவிலேஜ் பிழைத்துக்கொண்டது. பாயிண்ட்ஸ் இருந்தது, ஜெட் விமானம்தான் இல்லை. ஜெர்மன் ஏர்லைன் ஏர் பெர்லினின் மைல்ஸ் திட்டமான டாப்போனஸிலும் அதே எதிஹாட்டுக்குத்தான் பெரும்பங்கு. 2017 ஆகஸ்டில் ஏர்லைன் திவால் மனு கொடுத்த சில நாளில் அதுவும் கொடுத்தது. மைல்ஸ் போயே போச்சு.

ஜன்னலோரம்:

இவ்வளவு விளக்கமா எழுதினதுக்கு நன்றி. மெயில் ஏன் வரலைன்னு இப்பத்தான் புரியுது, கோபம் என்னவோ குறையல. பேங்க் பாயிண்ட்ஸை என்ன பண்ண சார்?

வரவுசெலவு:

அசைக்காதீர்கள். பேங்கில் இருக்கும் வரை அதைப் பல ஏர்லைன்களுக்கு மாற்றலாம். ஒருமுறை மாற்றிவிட்டால் திரும்ப வராது. முதலில் சீட் கண்ணில் படட்டும், அப்புறம் மாற்றுங்கள். "டிரான்ஸ்ஃபர் செய்தால் கூடுதல் போனஸ்" என்று ஆஃபர் வந்தால் அவசரப்படத் தோன்றும். அந்த ஆஃபருக்குப் பின்னாலேயே விலை ஏறுவதை நான் உள்ளே இருந்தே பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஏர்லைனின் சைட்டை மட்டும் பார்க்காமல், அதனோடு ஒரே கூட்டணியில் சேர்ந்து ஒருவர் மைல்ஸுக்கு மற்றவர் சீட் கொடுக்கும் மற்ற ஏர்லைன்களின் திட்டத்திலும் அதே விமானத்தைத் தேடுங்கள். சிலர் இன்னும் சார்ட் வைத்திருக்கிறார்கள், அங்கே அதே சீட் குறைந்த மைல்ஸுக்குக் கிடைக்கலாம். மைல்ஸ் எண்ணை மட்டும் பார்த்து மயங்கவும் வேண்டாம். சில திட்டங்கள் எரிபொருள் சர்சார்ஜ் என்று ரொக்கமாக ஒரு பெரிய தொகையைக் கடைசிப் பக்கத்தில் நீட்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். டெல்டா, யுனைடெட் மைல்ஸுக்குக் காலாவதி இல்லை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் மூன்று வருடத்தில் போய்விடும். கிரிஸ்ஃப்ளையரில் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட அவர்களை முன்கூட்டியே நாமினியாக, அதாவது உங்கள் மைல்ஸில் பயணம் செய்யக்கூடியவர்களாக, சேர்க்க வேண்டும், ஐந்து பேர் வரைதான்.

ஜன்னலோரம்:

கூட்டணி ஏர்லைன்ல தேடினேன் சார், நிஜமாவே குறைவு. ஆனா பிசினஸ்ல ஒரே ஒரு சீட்தான் காட்டுது. அம்மாவை முன்னாடி ஏத்திட்டு அப்பாவைப் பின்னாடி எகானமில போடலாமான்னு வீட்டுல கேட்டேன். அப்பா சரின்னுட்டார். அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே...

வரவுசெலவு:

அந்தத் திட்டத்தில் ரத்துக் கட்டணம் எவ்வளவு, ரத்து செய்தால் மைல்ஸ் கணக்குக்குத் திரும்புமா என்று முதலில் பாருங்கள். கட்டணம் சொற்பம் என்றால் அந்த ஒரு சீட்டை இப்போதே பிடித்து வையுங்கள். ஒரு டிக்கெட்டுக்குத் தேவையான பாயிண்ட்ஸை மட்டும் மாற்றுங்கள், மீதியைத் தொடாதீர்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விற்காத சீட்டைத் திரும்பக் கணக்குப் பார்ப்பார்கள், அப்போது இன்னொன்று திறக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தச் சமயத்தில் காலையிலும் ராத்திரியிலும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே போடுங்கள். மைல்ஸ் டிக்கெட்டில் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.