பிபிசி மைக்ரோவில் டிஸ்க் டிரைவ் கிடையாது: கோடெக் போடுவதா, எஸ்டி கார்டா?

கொழிஞ்சாம்பாறை_கே எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூட ஏலத்தில் வந்த பிபிசி மைக்ரோ மாடல் பி (1980-களின் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர்) ஒன்று இருக்கு. அடியில் எஸ்சிஎல் (செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ்) லேபிள். 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போன யூனிகார்ன், அதாவது மைக்ரோவின் இந்தியப் பதிப்புதான். மூடியைத் திறந்து பார்த்ததில்:

ஐசி 51-ல் ஓஎஸ், ஐசி 52-ல் பேசிக். பக்கத்து மூணு ராம் சாக்கெட்டும் காலி (ராம்னு நான் சொல்றது ROM, ரீட் ஒன்லி மெமரி; RAM இல்லை). டிஸ்க் கன்ட்ரோலர் சிப் உட்காரும் ஐசி 78 காலி, அதனால் டிஸ்க் இன்டர்ஃபேஸ் இல்லை. கேசட் மட்டும்தான். போர்டில் துரு இல்லை, ஆனால் ஐசி கால்கள் கறுத்திருக்கு. இன்னும் பிளக்கில் சொருகவில்லை.

கேள்விகள்: நேராக கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா? புரோகிராம் ஏற்ற கோடெக் (ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதில் பென்டிரைவ் போடும் டப்பா) நல்லதா, எஸ்டி கார்டு நல்லதா? டிவியில் எச்டிஎம்ஐயும் ஏவியும்தான் இருக்கு, அதில் படம் வருமா?

சால்டரிங் வரும், மல்டிமீட்டர் இருக்கு. ஈப்ராம் புரோகிராமர் (ராம் சிப்பில் எழுதும் கருவி) கிடையாது. பார்ட்ஸ் வாங்க கோவை போகணும், அதனால் ஒரே தடவையில் வாங்குற மாதிரி லிஸ்ட் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வாளையார்_சப்ளை எழுதியது:

தயவுசெய்து சொருகாதீங்க. மற்ற ரெண்டு கேள்விக்கும் முன்னாடி பவர் சப்ளை.

அந்தப் பெட்டிக்குள்ளே மெயின்ஸ் பக்கம் ரீஃபா கம்பெனியின் ரெண்டு கெப்பாசிட்டர் இருக்கும், 0.1 மைக்ரோஃபாரடும் 0.01 மைக்ரோஃபாரடும். மஞ்சள் கலந்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே சுருட்டின பேப்பர் தெரியும். லென்ஸ் வச்சுப் பார்த்தால் மேலே நூலிழை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். அந்த வெடிப்பு வழியாத்தான் ஈரம் பேப்பருக்குள் இறங்குது. நம்ம பக்கம் ரெண்டு மழைக்காலம் ஒரு ஸ்டோர் ரூமில் கிடந்தாலே போதும், நாற்பது வருஷத்தை நினைச்சுப் பாருங்க. கரண்ட் கொடுத்ததும் முதல் சில நிமிஷம் மெஷின் ஒழுங்கா ஓடும், அப்புறம் ஷார்ட் ஆகி அறை முழுக்கப் புகை. நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டையும் மாத்திடுங்க.

வாங்க வேண்டியது எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி அல்லது அதுக்கு மேல். கடையில் 400 வோல்ட் பாலியஸ்டர் எடுத்துக் கொடுத்து இதுவும் ஒண்ணுதான் என்பாங்க, வாங்காதீங்க. அந்த 400 என்பது டிசி கணக்கு. மெயின்ஸ் குறுக்கே நிற்கவும், அடிபட்டால் தீப்பிடிக்காமல் தன்னைச் சரிசெய்துக்கவும் எக்ஸ்2 முத்திரை உள்ளதுதான் செய்யப்பட்டது. கால் இடைவெளியைப் பழசிலே ஸ்கேல் வச்சு அளந்துட்டுப் போங்க. கூடவே அவுட்புட் கன்ட்ரோல் பக்கத்தில் இருக்கிற 220 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக்கையும் மாத்துங்க. இது காய்ஞ்சுபோனால் சப்ளை கிளம்பவே கிளம்பாது. 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர், 25 வோல்ட் வாங்கினால் போதும்.

பெட்டியைத் திறக்கும் முன்: 240 வோல்ட் ஏசி ரெக்டிஃபை ஆனால் சுமார் 340 வோல்ட் டிசி. பெரிய கெப்பாசிட்டரில் அது பிளக்கைப் பிடுங்கின பிறகும் நிற்கும். பத்து நிமிஷம் விட்டு, 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிடப்பட்ட பிளையரில் பிடிச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தது பார்த்த பிறகே கை வைக்கணும்.

போர்டுக்குப் போற ஏழு ஒயரையும் கழற்றும் முன் போட்டோ எடுங்க. சிவப்பு மூணும் 5 வோல்ட், கறுப்பு மூணும் பூஜ்யம், ஊதா மைனஸ் 5. சிவப்பையும் ஊதாவையும் இடம் மாத்திச் சொருகினால் போர்டில் சிப் மொத்தமும் போயிடும்.

சரிசெய்த சப்ளையை வெறுமனே ஓட்டிப் பார்க்காதீங்க, எஸ்எம்பிஎஸ் (இந்த மாதிரி ஸ்விட்சிங் சப்ளை) லோடு இல்லாமல் சரியான அளவு காட்டாது. 5 வோல்ட்டில் 4.7 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு கட்டுங்க, ஒரு ஆம்பியர் இழுக்கும். தொட்டால் சுடும், ஓட்டுத் துண்டு மேல் வச்சுக்கங்க. 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நின்றால் போர்டில் மாட்டலாம்.

ஆன் பண்ணினதும் காதைக் கொடுங்க: கீழ்ஸ்தாயியில் ஒரு 'பூ', உடனே மேல்ஸ்தாயியில் ஒரு 'பிப்' வந்தால் சிபியு ஓடுது. 'பூ' நிற்காமல் நீண்டுகிட்டே போனால் ஆஃப் பண்ணிட்டு, சாக்கெட்டில் இருக்கிற ஐசி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பாதி தூக்கித் திரும்ப அழுத்துங்க. கால் கறுத்திருக்குன்னு சொன்னீங்களே, பெரும்பாலும் அதுவே காரணமா இருக்கும்.

---

செங்கோட்டை_சால்டர் எழுதியது:

சப்ளை பற்றி வாளையார் அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். அது முடிந்ததாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் மெஷினுக்குக் கோடெக் வேண்டாம். கோடெக் என்பது ஃப்ளாப்பி டிரைவுக்கு மாற்று, கன்ட்ரோலருக்கு மாற்று இல்லை. ஐசி 78-ல் 8271 என்ற டிஸ்க் கன்ட்ரோலர் சிப் வேண்டும், அதோடு சுற்றியுள்ள டிடிஎல் சிப்களும், டிஸ்க் கட்டளைகள் உள்ள டிஎஃப்எஸ் ராமும் வேண்டும். 8271 இன்று கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை கூடுதல். ஏற்கெனவே டிஸ்க் இன்டர்ஃபேஸ் இருக்கும் மெஷின் என்றால் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி சாஃப்ட்வேர் ஏற்றிய கோடெக்கைத்தான் சொல்லியிருப்பேன்.

மாடல் பி-யில் கீபோர்டுக்கு அடியில் யூசர் போர்ட் இருக்கிறது, 20 பின். அதில் எஸ்டி கார்டு மாட்டி எம்எம்எஃப்எஸ் என்ற ராம் போட்டால், மெஷினுக்கு அது டிஸ்க் டிரைவாகவே தெரியும். லண்டனிலிருந்து ரெடிமேட் போர்டு வரவழைத்தால் தபால் செலவும் சுங்கவரியும் சேரும். அர்டுயினோவுக்காக விற்கும் ஆறு பின் மைக்ரோ எஸ்டி மாட்யூல் கோவையில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், அதுவே போதும். ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள்: மாட்யூலில் 3.3 வோல்ட் ரெகுலேட்டரும் 74எல்விசி125 சிப்பும் இருக்க வேண்டும். வெறும் ரெசிஸ்டர் மட்டும் உள்ள மாட்யூல் இங்கே ஒத்துவராது. ஏனென்றால் யூசர் போர்ட்டை இயக்கும் பழைய என்மாஸ் 6522 சிப், ஹை நிலையில் மிகக் குறைந்த கரண்டைத்தான் தள்ளும். ரெசிஸ்டர் டிவைடர் அதையும் உறிஞ்சிவிட்டால் கார்டுக்குப் போகும் சிக்னல் ஒன்றா பூஜ்யமா என்று தெரியாத இடத்தில் நிற்கும். சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. தேடிக் கண்டுபிடிக்க முடியாத பழுது அதுதான்.

ஒயரிங் (இடப்பக்கம் யூசர் போர்ட்டின் பின்னும் சிக்னல் பெயரும், வலப்பக்கம் மாட்யூலின் கால் பெயர்):

பின் 1 (5 வோல்ட்) - மாட்யூலின் விசிசி
பின் 5 (பூஜ்யம்) - கிரவுண்ட்
பின் 6 (பிபி0) - மோசி
பின் 8 (பிபி1) - எஸ்சிகே
பின் 2 (சிபி1) - இதுவும் எஸ்சிகே
பின் 4 (சிபி2) - மிசோ
மாட்யூலின் சிஎஸ் - கிரவுண்ட்

பின் 8-ஐயும் பின் 2-ஐயும் சேர்த்துக் கட்டுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிபி1 வழியாக சாஃப்ட்வேர் க்ளாக்கை ஆட்டுகிறது. அதே க்ளாக் சிபி1 வழியாகத் திரும்ப வந்தால்தான் 6522-இன் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் கார்டிலிருந்து வரும் பிட்டுகளைப் பொறுக்கிக்கொள்ளும். அந்த ஒரு இணைப்பு இல்லாவிட்டால் எழுத்து போகும், பதில் வராது. விசிசிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.1 ஒன்று போடுங்கள். ரிப்பன் கேபிள் 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

ராம்: யூசர் போர்ட்டுக்கான எம்எம்எஃப்எஸ் பைல் 16 கேபி. நேரான சிப் 27சி128. அது கிடைக்காவிட்டால் டபிள்யூ27சி512 வாங்குங்கள், அது 64 கேபி. அதே பைலை நான்கு முறை அடுத்தடுத்து எழுதிவிட்டால், மேலே உள்ள இரண்டு அட்ரஸ் கால்கள் எந்த நிலையில் இருந்தாலும் சரியான பகுதியே வாசிக்கப்படும். புற ஊதா விளக்கு இல்லாமலே அழித்து எழுதலாம் என்பது இதன் கூடுதல் வசதி. டிஎல்866 என்ற ஈப்ராம் புரோகிராமர் வைத்திருக்கும் மொபைல் அல்லது டிவி சர்வீஸ் கடையில் பைலைப் பென்டிரைவில் கொடுத்தால் எழுதித் தருவார்கள். வலது ஓரத்து சாக்கெட் ஐசி 101-ல் மாட்டுங்கள், அதற்குத்தான் முன்னுரிமை. பக்கத்து சிப்களின் வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் இதற்கும்.

கார்டு: எக்ஸ்ஃபேட் கூடாது, ஃபேட்16 அல்லது ஃபேட்32. புதிதாக ஃபார்மட் செய்து, வேறு எதையும் வைக்கும் முன் பீப்.எம்எம்பி (BEEB.MMB) என்ற பைலை முதலில் காப்பி செய்யுங்கள். அந்த ஒரே பைலுக்குள் 200 கேபி டிஸ்க்குகள் 511 அடங்கும், மொத்தம் 100 எம்பி சொச்சம். எம்எம்எஃப்எஸ் ஆரம்ப இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து நேராக எண்ணிக்கொண்டு போகிறது. பைல் கார்டில் துண்டுதுண்டாகக் கிடந்தால் முதல் சில டிஸ்க் ஒழுங்காக வரும், பிறகு குப்பை வரும்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்த ராம் வந்த பிறகு பேசிக்கின் பேஜ் எண் (புரோகிராம் தொடங்கும் மெமரி முகவரி) ஹெக்ஸ் இ00-லிருந்து 1900-க்கு ஏறிவிடும். நினைவகம் 2.75 கேபி குறையும். கேசட்டுக்காக எழுதிய பெரிய புரோகிராம்களில் சில அதனால் 'நோ ரூம்' சொல்லும்.

---

கொல்லங்கோடு_திரை எழுதியது:

மூணாவது கேள்விக்கு நான். செலவில்லாத வழி ஏவி. பின்பக்கம் வீடியோ அவுட் பிஎன்சி சாக்கெட்தான். பிஎன்சி-ஆர்சிஏ கன்வெர்ட்டர் எந்த சிசிடிவி கடையிலும் இருக்கும். டிவியின் மஞ்சள் சாக்கெட்டில் சொருகினால் படம் வரும், கறுப்பு வெள்ளையில். கெட்டுப்போச்சோன்னு பயப்பட வேண்டாம், அது வடிவமைப்பே அப்படி. போர்டில் எஸ்39 லிங்க்கை இணைத்தால் கலர் வரும், ஆனால் 80 எழுத்து வரிசை மோடில் எழுத்தோரமெல்லாம் புழு ஊர்ற மாதிரி அசையும். புரோகிராம் எழுதறதுக்குத்தான் மெஷின்னா லிங்க்கைத் தொடாமல் விடுங்க, கறுப்பு வெள்ளையில் எழுத்து கூர்மையா இருக்கும். சத்தம் டிவியில் வராது, உள்ளே இருக்கிற ஸ்பீக்கரில்தான்.

நல்ல படம் வேணும்னா ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ போர்டு. ராஸ்பெரி பை ஸீரோ என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு மேல் உட்காரும், 6 பின் டின் சாக்கெட்டிலிருந்து டிஜிட்டலா எடுக்கிறதால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா தெரியும். டெலிடெக்ஸ்ட் மோடில் புள்ளி வேகம் 12 மெகாஹெர்ட்ஸ், மற்ற மோடில் 16. இந்த போர்டு அதைத் தானே கண்டுபிடிச்சு மாறிக்கும். கடையில் விக்கிற சாதாரண ஏவி-எச்டிஎம்ஐ டப்பா இதுக்கு ஈடே ஆகாது. மெனுவில் ஜென்லாக் (எச்டிஎம்ஐ வேகத்தை மைக்ரோவின் வேகத்தோடு பூட்டுறது) ஆன் பண்ணினதும் டிவி இருண்டால் ஆஃப் பண்ணிடுங்க, சில டிவி துல்லியமான 50 ஹெர்ட்ஸை மட்டும்தான் ஏத்துக்கும். இன்னொண்ணு, பை ஸீரோவுக்கு மொபைல் சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுத்தால் டின் சாக்கெட்டின் ஆறாவது பின்னை இணைக்காதீங்க. ரெண்டு 5 வோல்ட் சப்ளையும் ஒண்ணோட ஒண்ணு மோதும், மைக்ரோவை ஆஃப் பண்ணினாலும் பின்வாசல் வழியா போர்டுக்குக் கரண்ட் போகும்.

---

கொழிஞ்சாம்பாறை_கே எழுதியது:

எல்லா அண்ணன்களுக்கும் நன்றி. கெப்பாசிட்டர் மூணும் மாத்தியாச்சு, போர்டில் 5.04 வோல்ட். 'பூ-பிப்' சரியா வருது, ஏவியில் படமும் தெளிவு. ஸ்டார் ஹெல்ப் (*HELP) அடிச்சால் எம்எம்எஃப்எஸ் வரி வருது. ஆனால் கார்டில் உள்ள டிஸ்க் பட்டியலுக்கு ஸ்டார் டிகேட் (*DCAT) அடிச்சால் 'கார்டு?' என்று மட்டும் சொல்லுது. ஒயரிங் மூணு தடவை பார்த்தாச்சு. கார்டு 64 ஜிபி.

---

செங்கோட்டை_சால்டர் எழுதியது:

ராம் சரியாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். கார்டு பதில் சொல்லவில்லை என்பதே இந்தச் செய்திக்கு அர்த்தம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பின் எண்ணும் திசை. யூசர் போர்ட் மெஷினுக்கு அடியில் இருப்பதால் கவிழ்த்து வைத்துத்தான் பார்ப்போம், அதில் இடம் வலமாக எண்ணிவிடுவது சுலபம். சாக்கெட்டில் சின்ன முக்கோணம் உள்ள மூலைதான் பின் 1. மெஷினை ஆன் செய்து, மாட்யூல் முனையில் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் 5 வோல்ட், ரெகுலேட்டரின் வெளியே 3.3 வருகிறதா பாருங்கள். விசிசியில் 5 இல்லையென்றால் பெரும்பாலும் திசைதான் தவறு. 

5 வோல்ட் சரி என்றால் ஆஃப் செய்து, மீட்டரை பீப் நிலையில் வைத்து, பின் 2-க்கும் பின் 8-க்கும் இடையே சத்தம் வருகிறதா பாருங்கள். அளவு மாட்யூலில் வேண்டாம், ரிப்பனின் மெஷின் பக்க முனையில் எடுங்கள், நசுக்கு கனெக்டரில் ஒரு கம்பி பிடிக்காமல் விட்டிருந்தாலும் அங்கேதான் தெரியும். அடுத்து சிஎஸ் காலுக்கும் கிரவுண்டுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கார்டை மாற்றுங்கள். 64 ஜிபி கார்டு கடையிலிருந்து எக்ஸ்ஃபேட்டாகத்தான் வரும், பல விண்டோஸ் பதிப்புகளும் அதை ஃபேட்32 ஆக்க இடம் கொடுக்காது. பழைய போனில் கிடக்கும் 2 அல்லது 4 ஜிபி கார்டு இருந்தால் அதைப் போடுங்கள். நமக்கு வேண்டியது 100 எம்பிதான்.

கார்டு பேச ஆரம்பித்ததும் ஸ்டார் டிகேட் பட்டியல் காட்டும். ஸ்டார் டின் பூஜ்யம் (*DIN 0), பிறகு டிஸ்க்கின் பெயர் அடித்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே பிரேக்கைத் தட்டுங்கள். கார்டை எடுக்கும்போதும் போடும்போதும் மெஷின் ஆஃபில் இருக்க வேண்டும். பம்ப்செட்டுகள் ஓடி வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் கார்டில் எதையும் சேவ் செய்யாதீர்கள், எழுத்து பாதியில் நின்றால் அந்த டிஸ்க்கின் கேட்டலாக் கெடும். பீப்.எம்எம்பி பைலின் நகல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.