பட்டம் இருக்கிறது, அனுபவம் இல்லை: கொரியாவுக்குப் போவதா, பி.ஜி.சி.இ. படிப்பதா?

சாட்ஸ்வர்த் மாணவி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பி.ஏ. முடித்துவிட்டேன், வரலாறும் உளவியலும். பாடம் நடத்திய அனுபவம் என்றால் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு மட்டும்தான். தென் கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் எப்பிக் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆசை. அம்மாவோ, முதலில் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பை முடி, பிறகு எங்கே வேண்டுமானாலும் போ என்கிறார். உங்கள் கருத்து என்ன?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அம்மா சொல்வதைக் கேள். முழுநேரமாகப் படித்தால் பி.ஜி.சி.இ. ஓராண்டுதான். பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்புவார்கள். நீ பாடம் எடுக்கும்போது கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அந்தக் கண்ணுக்கு முன்னால் தடுமாறித்தான் எல்லோரும் ஆசிரியர் ஆனோம். முடித்தால் தென்னாப்பிரிக்க ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்யலாம். வளைகுடாவின் நல்ல பள்ளிகள் கேட்பதும் இந்தத் தகுதியைத்தான், பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவத்தோடு. வீட்டில் கணினி முன் உட்கார்ந்து வாங்கிய, ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழை அங்கே சீந்த மாட்டார்கள்.

டேகுவாசி:
ஐயா, நான் டர்பன் பீனிக்ஸ்காரன், இப்போது கொரியாவின் டேகு நகரில் தொடக்கப்பள்ளியில் இருக்கிறேன். நீங்கள் சொல்வது நிரந்தர ஆசிரியர் ஆக விரும்புகிறவருக்குச் சரி. இந்தத் தங்கை கேட்பது முதல் வேலை. பி.ஜி.சி.இ. முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள் நம் மாகாணத்தில் கொஞ்சமா? கல்வித் துறையிடம் பணம் இல்லை என்ற செய்தியைப் படித்துப் படித்துக் கண் வலிக்கிறது.

இங்கே ஆங்கில ஆசிரியருக்குக் கொடுக்கும் ஈ-2 விசா வழக்கமாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஏதாவது ஒரு பட்டம் போதும். ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளிக் கடிதம் கேட்பார்கள். குடியிருப்பைப் பள்ளி கொடுக்கும். ஓராண்டு முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். வகுப்பில் கொரிய ஆசிரியர் ஒருவர் கூடவே நிற்பார். அனுபவம் இல்லாதவரை யாரும் தனியாகத் தள்ளிவிடுவதில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
கூடவே ஒருவர் நிற்கிறார் என்றால் பாடம் நடத்துவது அவரா, நீயா? பாட்டும் விளையாட்டுமாக இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டுத் திரும்பியவர்கள் பலரை நான் நேர்காணல் செய்திருக்கிறேன். வினாத்தாள் தயாரிக்கத் தெரியாது, பெற்றோரை எதிர்கொள்ளத் தெரியாது. இருபத்தைந்து வயதில் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

டேகுவாசி:
இருபத்தைந்து வயது என்ன கிழவயதா ஐயா? சேமிப்போடு திரும்பி, கடனில்லாமல் பி.ஜி.சி.இ. படிக்கலாமே.

தங்கை, அந்தக் கோயில் வகுப்பை விண்ணப்பத்தில் மறக்காமல் எழுது. சாட்ஸ்வர்த் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். வாரத்துக்கு ஒரு முறை வந்து ‘அ’ எழுதிப் பழகிவிட்டு, அடுத்த வாரம் மறந்துவிட்டு வருகிறார்கள். இங்கேயும் அதே கதைதான்: நாற்பது நிமிடம் ஆங்கிலம், மணி அடித்ததும் கொரிய மொழி. எனக்கும் அப்படி ஒரு வகுப்பு எடுத்த பழக்கம் இருந்தது. நேர்காணலில் அதைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்கள். ஒரு பையன் வாயே திறக்காவிட்டால் என்ன செய்வாய் என்றார்கள். படத்தைக் காட்டி, இரண்டு சொல்லில் ஒன்றைத் தொடச் சொல்வேன், பேசச் சொல்ல மாட்டேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ததுதான் அது.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
இருவருமே ஒன்றைச் சொல்லாமல் விட்டீர்கள். நான் கொரியாவில் தனியார் பயிற்சி நிலையத்தில், அதாவது ஹாக்வானில், வேலை பார்த்தவள். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டார்கள். படம் போன பிறகுதான், “உங்கள் பெற்றோர் எந்த நாட்டவர்?” என்ற கேள்வி வந்தது. நம் முன்னோர் 1860 முதல் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். என் தாய்மொழி எது என்று அந்த ஏஜெண்டுக்கு விளக்க ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது, பிறகு பதிலே இல்லை. வேறு நிலையம் எடுத்துக்கொண்டது. இந்த முகத்தோடு போகிறவளுக்குக் காகிதம் கனமாக இருக்க வேண்டும். என் ஓட்டு பி.ஜி.சி.இ.க்கு.

டேகுவாசி:
அக்கா சொல்வது உண்மை, மறுக்கவில்லை. அதனால்தான் முதல் வேலைக்கு ஹாக்வான் வேண்டாம், அரசுத் திட்டம் என்கிறேன்.

மிட்ராண்ட் வாசி:
சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என் மனைவி ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட்., கோவையில் பல ஆண்டு ஆசிரியர். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் அந்த ஏழில் அவர் இல்லை. வகுப்பறையே பார்க்காத பிள்ளைக்குக் கதவு திறக்கிறது. கிடைக்கும்போது போய்விடு, அம்மா. ஆனால் சீனாவுக்குச் சுற்றுலா விசாவில் வா, அங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அங்கே வேலைக்கு இசட் விசா வேண்டும். தவறான விசாவில் போய் மாட்டிக்கொண்ட தென்னாப்பிரிக்கர்கள் உண்டு.

சாட்ஸ்வர்த் மாணவி:
எல்லோருக்கும் நன்றி. சான்றிதழ்களை வெளிநாட்டில் ஏற்க வைக்கும் அரசு முத்திரையான அப்போஸ்டில் வாங்கித் தர ஒரு ஏஜெண்டு பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

டேகுவாசி:
பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறை அதற்குக் கட்டணமே வாங்குவதில்லை. ஏஜெண்டு கேட்பது வரிசையில் நிற்கும் கூலி. காவல்துறை நற்சான்றிதழுக்கு உள்ளூர் நிலையத்தில் கைரேகை வைத்தால் போதும், சான்றிதழ் பிரிட்டோரியாவிலிருந்து வரும். ரொம்ப முன்கூட்டியே வாங்காதே. ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் விசாவுக்கு ஆகாது. கொரியாவில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்குகிறது, அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட் வாக்கில்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
சரி, போவதென்றே முடிவு செய்துவிட்டாய் போலிருக்கிறது. குறைந்தபட்சம் அந்த இணையச் சான்றிதழை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்ட்டா படி. அதில் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

டேகுவாசி:
நல்ல படிப்புதான் ஐயா. அதற்கு ஆகும் செலவை நினைத்துப் பார்த்தீர்களா? எப்பிக் கேட்பது 100 மணி நேரச் சான்றிதழ்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
கேட்பதை மட்டும் கொடுப்பவன் எழுத்தர், ஆசிரியன் அல்ல. அம்மாவிடம் நான் பேசுகிறேன்; கோயிலுக்கு அடுத்த ஞாயிறு வருகிறேன், உன் வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன்.

சாட்ஸ்வர்த் மாணவி:
குறிப்பெடுப்பீர்களா சார்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
பின்னே?