ஒரே ஒரு இனிஷியலோடு நின்றுபோன ஆட்டக்காரர்கள்: தேடியவர்கள் எழுதுங்கள்

சேப்பாக்கம்_கேலரி
1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸ் – மைசூர். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர், அவரைப் பற்றி எவ்வளவோ கிடைக்கும். அந்தப் பந்தை எதிர்கொண்டவர்? ஸ்கோர்கார்டில் என். கர்ட்டிஸ், அவ்வளவுதான். ஒரே நாளில் முடிந்த ஆட்டம்: மைசூர் 48, 59, மெட்ராஸ் 130. ஏ.ஜி. ராம்சிங் 35 ரன்னுக்கு 11 விக்கெட். எல்லாரும் அந்த 11-ஐத்தான் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த ‘என்.’

பழைய_பேப்பர்
ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பெயர் என்றால் வழி இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என்/2’ வரிசை மெட்ராஸுக்கானது: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். பெங்களூர் கன்டோன்மென்ட்டையும் அதில்தான் பார்க்க வேண்டும். 1934-ல் ஆடியவருக்கு 1895 முதல் 1917 வரை தேடினால் போதும். அட்டவணையில் குடும்பப்பெயரைப் பிடித்து, தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு மூலப் பக்கத்துக்குப் போக வேண்டும். அட்டவணையோடு நிறுத்தினால் ஞானஸ்நான ஆண்டையே பிறந்த ஆண்டாக எழுதிவிடுவோம்; சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் ஞானஸ்நானம். கத்தோலிக்கர் என்றால் அந்த வரிசையில் இல்லாமலும் போகலாம். அப்போது பங்குத் தேவாலயத்தின் பதிவேடுதான்.

மிட்விக்கெட்
நம் ஊர்க்காரர்களுக்குப் பதிவேடும் இல்லை, குடும்பப்பெயரும் இல்லை. அது ஏன் யாருக்கும் உறுத்தவில்லை? கோட்டா ராமஸ்வாமியை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் கிரிக்கெட்டின் முன்னோடி புச்சிபாபு நாயுடுவின் மகன், தாய்வழித் தாத்தா வீட்டுக்குத் தத்துப் போனவர். அதனால் அண்ணன்கள் ‘எம்.’, இவர் மட்டும் ‘சி.’ (ஆங்கிலத்தில் Cotah). இனிஷியலை வைத்துக் குடும்பம் கட்டினால் இவர் வெளியே நிற்பார். 1936 இங்கிலாந்துப் பயணத்தில் 40 வயதில் 40, 60, 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டே டெஸ்ட். 1985 அக்டோபர் 15 அன்று வீட்டை விட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. மறைந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘இறந்ததாகக் கருதப்படுகிறது’ என்ற ஒரு வரி. 89 வயது மனிதருக்கு.

சேப்பாக்கம்_கேலரி
டெஸ்ட் ஆடியவர், டென்னிஸில் டேவிஸ் கோப்பையும் ஆடியவர். அவரை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா? இங்கே பேச்சு ஒற்றை ஆட்டத்தோடு காணாமல் போனவர்களைப் பற்றி.

கூட்டிப்பார்
சேர்க்கலாம், தேதி கிடைக்காத வரை எல்லாரும் ஒன்றுதான். ஆனால் இருவரும் ஸ்கோர்கார்டை அப்படியே நம்புகிறீர்கள். முதலில் கூட்டிப் பாருங்கள். பேட்ஸ்மேன்களின் ரன்னும் எக்ஸ்ட்ராஸும் (வைடு, நோபால், பை, லெக்பை) சேர்ந்தால் மொத்தம் வர வேண்டும். பவுலர்கள் கொடுத்த ரன்னோடு எக்ஸ்ட்ராஸ் முழுவதையும் சேர்த்தாலும் அதே எண் வர வேண்டும். 1980-களின் நடுப்பகுதி வரை வைடும் நோபாலும் பவுலர் கணக்கில் ஏறாது. இன்றைய வழக்கப்படி பை, லெக்பை மட்டும் கூட்டினால் சரியான கார்டும் தப்பாகத் தெரியும். பவுலர்களின் விக்கெட்டோடு ரன் அவுட்டையும் சேர்த்து, விழுந்த விக்கெட்டோடு ஒப்பிடுங்கள். இடித்தால் மைக்ரோஃபிலிமில் (பழைய பேப்பரின் படச்சுருளில்) 3-ஐயும் 8-ஐயும், 1-ஐயும் 7-ஐயும் திரும்பப் பாருங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீரும்.

‘இரண்டு பேப்பரில் ஒரே மாதிரி இருக்கிறது’ என்பது சாட்சியே இல்லை. வெளியூர்ப் பேப்பர்கள் ஒரே தந்திச் செய்தியை அச்சடித்தவை. தந்தியில் இனிஷியல் தவறினால் எல்லாவற்றிலும் தவறும். தன் நிருபரை மைதானத்துக்கு அனுப்பிய உள்ளூர்ப் பேப்பரைத் தேடுங்கள். மெட்ராஸ் ஆட்டமென்றால் ‘தி ஹிந்து’வும் ‘மெட்ராஸ் மெயி’லும். ஆட்டத்துக்கு முந்தின நாள் வரும் அணிப் பட்டியலை விடாதீர்கள். கார்டில் சுருங்கும் பெயர் அங்கே முழுசாகவும், கிளப் பெயரோடும் வர வாய்ப்பு அதிகம். கிளப் தெரிந்தால் வேலை செய்த இடம் தெரியும், அதன்பின் ஊழியர் பட்டியல்.

பொங்கல்_மேட்ச்
மெட்ராஸ் இந்தியர் – ஐரோப்பியர் ஆட்டங்களைத் தேடுவோருக்கு ஒன்று. அவை 1915-16 சீசனிலிருந்துதான் ‘முதல்தர ஆட்டம்’, அதாவது அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்தில் சேரும் உயர்நிலை ஆட்டம். அதற்கு முன் ஆடியவர் முதல்தரப் பட்டியலில் இல்லையென்றால் ‘ஆடவே இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். ஜனவரி நடுவில் பொங்கலை ஒட்டிய ஒரு வாரப் பேப்பரைப் புரட்டுங்கள். ‘ஆட்டத்தில் இல்லை’ என்பதும் ‘பட்டியலில் இல்லை’ என்பதும் வேறு வேறு.

சேப்பாக்கம்_கேலரி
அணிப் பட்டியல் யோசனை சரி. கர்ட்டிஸ் மைசூர் அணி என்பதால் 1934 நவம்பர் 1 முதல் 4 வரை பெங்களூர்ப் பேப்பர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.