விடுபட்ட நாலாவது கட்டம்

குழு: நவோதயா 6ஆம் வகுப்பு, காரைக்கால் பெற்றோர்

செல்வி: டீச்சர், நவோதயா நுழைவுத் தேர்வு மனத்திறன் தாள்ல, விடுபட்ட கட்டம் கண்டுபிடிக்கிற மூணாம் பகுதியில ஒரு சந்தேகம். 📷 பெரிய சதுரம் நாலு கட்டமா பிரிஞ்சிருக்கு, கீழ வலது கட்டம் காலி. நடுவுல ஒரு வட்டம். ஒவ்வொரு மூலையிலேர்ந்தும் வட்டம் வரைக்கும் ஒரு சாய்வுக்கோடு, கோட்டை ஒட்டி ஒரு கறுப்புப் புள்ளி. பையன் டி-ங்கறான். புத்தகத்துல விடை பி. அச்சுப் பிழையா?

நசீமா டீச்சர்: பிழை இல்லம்மா, பி-தான். மத்த மூணு கட்டத்துலயும் புள்ளி கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு அவனையே சொல்லச் சொல்லுங்க.

செல்வி: மேல இடது கட்டத்துல கோட்டுக்கு மேல. மேல வலதுல கோட்டுக்கு வலப்பக்கம். கீழ இடதுல கோட்டுக்கு இடப்பக்கம்.

நசீமா டீச்சர்: புள்ளி கடிகார முள் மாதிரி சுத்துது பாருங்க. மேல, வலது, அடுத்தது கீழ, கடைசியா இடது. அப்ப காலிக் கட்டத்துல புள்ளி கோட்டுக்குக் கீழதான் வரணும். டி-யில அது வலப்பக்கம் இருக்கு. அதாவது மேல வலது கட்டத்தைக் கண்ணாடியில பார்த்தா எப்படி இருக்குமோ அது. எதைப் பார்த்தாலும் கண்ணாடி பிம்பம்னு நினைக்கிற பசங்களுக்காகவே வைக்கிற ஆப்ஷன்.

பாஸ்கர் சார்: இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. கேள்வித்தாளைத் தலைகீழா திருப்புங்க. மேல இடது கட்டம் இப்ப கீழ வலதுக்கு வந்துடும். அங்க என்ன தெரியுதோ அதுதான் விடை. மனசுல அதைப் பிடிச்சுக்கிட்டு தாளை நேராக்கி ஆப்ஷனைப் பாருங்க.

செல்வி: ஆமா சார், புள்ளி கீழ வந்துடுச்சு 😮

முருகானந்தம்: சார், இது சுத்துற டிசைனுக்கு மட்டுமா? கண்ணாடி பிம்பமா இருந்தா?

பாஸ்கர் சார்: ரெண்டுக்கும் சரியா வரும் தம்பி. இட வலமா ஒரு தடவை, மேல கீழா ஒரு தடவை கவுத்தா, மொத்தத்துல அரைச்சுத்து சுத்தினதுக்குச் சமம். கால் சுத்தா ரெண்டு தடவை சுத்தினாலும் அரைச்சுத்துதான். அதனால எதிர் மூலைக் கட்டம் ரெண்டு வகையிலயும் தலைகீழாத்தான் வந்து உட்காரும்.

நசீமா டீச்சர்: சார், எல்லாத்துக்கும் வரும்னு பசங்க எடுத்துக்கிட்டா ஆபத்து. ரெண்டு வகையில இது கவுத்துடும். ஒண்ணு, இடமும் வலமும் மட்டும் ஒத்துப்போற டிசைன். பூச்சாடி, பட்டாம்பூச்சி மாதிரி, மேல ஒரு விதமா கீழ வேற விதமா இருக்கும். இன்னொண்ணு, ஒரே கட்டம் திரும்பாம அப்படியே திரும்பத் திரும்ப வர்றது. அதுல தாளைத் திருப்பினா விடையும் தலைகீழாயிடும்.

பாஸ்கர் சார்: சரிதான். திருப்புறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. காலியிடத்தை ஒட்டி இருக்கிற ரெண்டு கட்டத்தையும் பாருங்க, இங்க மேல வலது, கீழ இடது. ஒண்ணைத் தலைகீழாக்கினா இன்னொண்ணு வருதா? வந்தா தாளைத் திருப்பலாம். வரலைன்னா டீச்சர் சொன்ன வகை.

முருகானந்தம்: பூச்சாடி வகைக்கு?

நசீமா டீச்சர்: பக்கத்துக் கட்டத்தைக் கண்ணாடியில பாருங்க. கீழ வலது காலின்னா கீழ இடதோட கண்ணாடி பிம்பம். மேல இருக்கிறதைத் தொடவே வேண்டாம்.

நசீமா டீச்சர்: ஆனா எந்த வகைன்னு யோசிக்கிறதுக்கும் முன்னாடி ஓரம் பார்க்கணும். காலிக் கட்டத்துக்கு உள்பக்க ஓரம் ரெண்டு. மேல இருக்கிற கட்டத்தோட கோடு எந்த இடத்துல வந்து முடியுது, இடது கட்டத்தோடது எந்த இடத்துல முடியுது, பேனாவால சின்னதா புள்ளி வச்சுக்கோங்க. செல்வி போட்ட படத்துல வட்டம் ரெண்டு ஓரத்தையும் நடுப்புள்ளிக்குப் பக்கத்துல வெட்டுது. அப்ப விடையில வில் மேல இடது மூலையில இருந்தாகணும். ஏ-யில வில் கீழ வலது மூலையில இருக்கு, அடிச்சுடுங்க. சி-யில புள்ளி சரியான இடத்துலதான் இருக்கு, ஆனா கோடு வட்டத்தைத் தொடாம நின்னுடுது. அதையும் அடிங்க. மிச்சம் பி, டி. புள்ளியைப் பார்க்க வேண்டிய வேலை இந்த ரெண்டுக்கு மட்டும்தான்.

செல்வி: சி-யில இடைவெளி இருக்கிறதை நானே கவனிக்கல.

பாஸ்கர் சார்: அதனாலதான் ஆப்ஷனை முதல்ல பார்க்கக் கூடாதுங்கறது. நாலையும் உள்ளங்கையால மூடிட்டு, காலியிடத்துல என்ன வரணும்னு வாயால சொல்லணும். "வில் மேல இடது, கோடு தொடணும், புள்ளி கீழ." மூணு விஷயம் சொன்ன பிறகு கையை எடுக்கலாம். முதல்லயே ஆப்ஷனைப் பார்த்தா நாலும் ஒண்ணுபோலத்தான் தெரியும்.

ரஃபீக்: டீச்சர், என் மக ஆப்ஷனை மனசுல திருப்பிப் பார்த்து "இதுவும் பொருந்துது"ங்கறா. திருப்பலாமா?

நசீமா டீச்சர்: மூணாம் பகுதியில கூடவே கூடாது. கேள்விக்கு மேல இருக்கிற குறிப்புலயே திசை மாத்தாமப் பொருத்தணும்னு இருக்கும். ஆப்ஷன் அச்சடிச்சபடியே நகர்ந்து போய் உட்காரணும். பாஸ்கர் சார் திருப்பச் சொன்னது கேள்விப் படத்தை, ஆப்ஷனை இல்ல. இந்த வித்தியாசத்தைப் பசங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லுங்க.

ரஃபீக்: புரிஞ்சுது டீச்சர். நாலு கட்டமா இல்லாம, பெரிய டிசைன் நடுவுல ஒரு ஓட்டை மட்டும் இருந்தா?

நசீமா டீச்சர்: அது பழைய வகை. 1938ல வந்த, படத்தை வச்சே அறிவுத்திறன் சோதிக்கிற ரேவன் மேட்ரிசஸ் தேர்வோட முதல் தொகுதி 12 கேள்வியும் அப்படித்தான், கீழ ஆறு துண்டு இருக்கும். அதுக்கு ஓரம் பார்க்கிறது ஒண்ணே வழி. ஓட்டைக்குள்ள போற ஒவ்வொரு கோட்டையும் மறுபக்கம் வரைக்கும் நீட்டுங்க. எத்தனை உள்ள போகுது, எத்தனை வெளிய வருதுன்னு எண்ணுங்க. எண்ணிக்கை ஒத்துப்போகலைன்னா ஏதோ ரெண்டு கோடு உள்ள சேருது, இல்ல ஒண்ணு அங்கேயே முடியுது. கோட்டோட தடிமனையும் பாருங்க.

முருகானந்தம்: ஆறாம் பகுதியும் இதே மாதிரிதானே? முக்கோணம், சதுரம், வட்டம் முழுசாக்குறது.

பாஸ்கர் சார்: பேர்தான் கிட்டத்தட்ட ஒண்ணு, வேலை வேற. அங்க ஒரு உருவத்தை ரெண்டா வெட்டி ஒரு துண்டைக் கொடுப்பாங்க. வெட்டின ஓரம் எதிரெதிரா இருக்கணும். இங்க துருத்தினா அங்க அதே உயரத்துல பள்ளம்.

பாஸ்கர் சார்: உதாரணம், 3 செ.மீ. சதுரம். கொடுத்த இடது துண்டுக்கு மேல் பக்கம் 2 செ.மீ., பாதி உயரத்துல படி மாதிரி உள்ள போய் கீழ் பக்கம் 1 செ.மீ. அப்ப விடைத் துண்டுக்கு மேல 1, கீழ 2. பசங்க மேல 2, கீழ 1 இருக்கிற துண்டை எடுப்பாங்க, கேள்வியில இருக்கிற மாதிரியே தெரியுதுல்ல! ரெண்டையும் சேர்த்தா மேல 4 வரும், கீழ 2 வரும், சதுரமே ஆகாது.

முருகானந்தம்: பரீட்சையில எப்படி அளக்குறது சார்?

பாஸ்கர் சார்: பேனா முனையை ஒரு ஓரத்துல வச்சு, மறு ஓரத்துக்கு நேரா பேனா மேல கட்டைவிரல் நகத்தை வச்சுக்கணும். அப்படியே ஆப்ஷன் மேல கொண்டு போனா போதும். அதுக்கு முன்னாடி மூலையை எண்ணுங்க. சதுரம்னா ரெண்டு துண்டுலயும் சேர்த்து வெளி மூலை நாலு, முக்கோணம்னா மூணு. வட்டத்துல கொடுத்த வில் பாதிக்கு மேல இருந்தா விடையில பாதிக்குக் குறைவாத்தான் இருக்கணும்.

செல்வி: நேரம் பத்தலைங்கறான் டீச்சர்.

நசீமா டீச்சர்: மனத்திறன்ல 40 கேள்விக்கு 60 நிமிஷம், சராசரி 90 விநாடி. பத்துப் பகுதி, பகுதிக்கு நாலு கேள்வி. மூணாம் பகுதியை 40 விநாடியில முடிக்கப் பழக்குங்க, மறைஞ்சிருக்கிற உருவம் தேடுற பத்தாம் பகுதிக்கு அந்த நேரம் வேணும். 90 விநாடி தாண்டினா ஓரம் பார்த்து அடிச்சது போக மிச்சத்துல ஒண்ணை நிரப்பிட்டு அடுத்ததுக்குப் போகட்டும். தப்புக்கு மார்க் குறைக்கிறதில்ல. சரியா இருந்தா 1.25. வட்டத்தை நிரப்புற ஓஎம்ஆர் விடைத்தாள்ல ஒரு கேள்வியை வெறுமனே விட்டுட்டுப் போனா வரிசை மாறிப்போகும், அதுதான் பெரிய நஷ்டம்.

ரஃபீக்: நாகப்பட்டினத்துல தங்கச்சி மகனும் இதையே படிக்கலாமா?

பாஸ்கர் சார்: தமிழ்நாட்டுல நவோதயா பள்ளி இல்லையே ரஃபீக். ஆனா அங்க 8ஆம் வகுப்புல என்எம்எம்எஸ்ங்கற தேசிய உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். அதுல மேட்ங்கற மனத்திறன் தாள் 90 கேள்வி, 90 நிமிஷம். படக் கேள்வியும் வரும், இதே முறைதான். கேள்விக்கு ஒரு நிமிஷம்தான், அதனால இன்னும் வேகம் வேணும்.

செல்வி: வீட்டுல வேற எப்படிப் பழக்குறது?

நசீமா டீச்சர்: வாசல்ல போடுற கோலமே போதும். நோட்டுல 5 புள்ளி வரிசை வச்சு ஒரு சிக்குக் கோலம் போடுங்க. கால் பங்கை அட்டையால மூடி, பக்கத்துல வரையச் சொல்லுங்க. சில சிக்குக் கோலம் கண்ணாடிக்கு ஒத்துக்காது, சுத்தினாத்தான் ஒத்துப்போகும். அந்த மாதிரி கோலமாப் பார்த்து அதிகம் கொடுங்க. தப்பா வந்தா பட்டர் பேப்பர்ல எதிர் மூலையைப் பிரதி எடுத்து, அரைச்சுத்து சுத்தி மேல வச்சுக் காட்டுங்க.

செல்வி: சரி டீச்சர். சாயங்காலம் போட்டு அனுப்புறேன், பாருங்க.

நசீமா டீச்சர்: அட்டையோட அனுப்புங்க, குழுவுல மத்த பசங்களும் போடட்டும். விடைப் படத்தை ராத்திரி 8 மணிக்கு மேல போடுங்க.