நான்கு வாத்தியங்கள் வாசிக்கிறேன்: இசையைத் தொழிலாகக் கொள்ள மூன்றைக் கைவிட வேண்டுமா?

கேள்வி

வணக்கம். 7 வயதில் கீபோர்டில் தொடங்கினேன். 11 வயதில் வயலின், கல்லூரி நாட்களில் கிடார், அதன் பின் டிரம்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. இப்போது வயது 34. பகலில் கணக்கு எழுதும் வேலை. சாதகத்திற்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம்தான் கிடைக்கிறது. அதை நான்காகப் பங்கிட்டால், வயலினுக்குச் சுருதி சேர்த்து விரல்கள் இளகி வருவதற்குள் அதன் அரை மணி நேரம் முடிந்துவிடுகிறது. எதையும் விட மனம் வரவில்லை. இசையை முழுநேரத் தொழிலாக்க விரும்புகிறவர் ஒன்றை மட்டும்தான் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1

கைவிட வேண்டியதில்லை, ஆனால் ஒன்றைத் தாய் வாத்தியமாக வைத்துக்கொள்ளுங்கள். இசை நாடகக் குழுக்களில் 22 ஆண்டுகளாகக் கிளாரினெட், சாக்சபோன், புல்லாங்குழல் ஆகிய மூன்றையும் ஒரே இருக்கையிலிருந்து வாசித்து வருகிறேன். கிளாரினெட் கைவந்த பிறகு சாக்சபோன் எளிதாக இருக்கும் என்று நம்பித்தான் அதைத் தொட்டேன். சாக்சபோனில் மேல் ஸ்தாயிக்கான சாவியை அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். ஒரு முனை மூடிய நேர்குழாயைப் போல இயங்கும் கிளாரினெட்டிலோ அது ஒரு ஸ்தாயியையும் தாண்டி, மேலும் ஓர் ஐந்தாம் சுர இடைவெளி ஏறிவிடும். இந்த வேறுபாட்டை அறிவு உடனே புரிந்துகொண்டது. விரல்கள் புரிந்துகொள்ள ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

புல்லாங்குழல் வேறு விதமாகச் சோதித்தது. அரை மணி நேரம் மடியில் சும்மா கிடந்து குளிர்ந்த குழலை எடுத்தவுடன் ஊதினால் சுருதி இறங்கியே ஒலிக்கும். ஆகவே, என் முறை வருவதற்குச் சில அடிகள் முன்பே ஓசை எழாமல் அதனுள் வெதுவெதுப்பான மூச்சைச் செலுத்தி வைத்துக்கொள்வேன். இவை அனைத்தும் பின்னால் வந்தவை. முதல் அழைப்பு எனக்குக் கிளாரினெட்டுக்காக மட்டுமே வந்தது. அதில் நம்பிக்கை பிறந்த பிறகுதான் மற்றவற்றையும் என்னிடம் கேட்டார்கள்.

மறுமொழி 2

மேடைக்கு அது பொருந்தலாம். ஒலிப்பதிவுக்கு முழுவதும் பொருந்தாது என்பது என் கருத்து. அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் சிட்னி பெச்செட் 1941ஆம் ஆண்டிலேயே ஆறு வாத்தியங்களைத் தாமே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்தார். அமெரிக்கப் பாப் பாடகர் பிரின்ஸ் 1978இல் வெளியிட்ட முதல் பாடல் தொகுப்பில் 27 வாத்தியங்கள் அவர் பெயரிலேயே குறிக்கப்பட்டிருந்தன. அன்று பெரும் நிறுவனத்தின் துணை தேவைப்பட்ட வேலையை இன்று ஒரு கணினி செய்துவிடுகிறது. பாடல்களுக்கு இசைக்கோர்வை அமைத்துத் தரும் என்னைப் போன்றவர்களுக்கு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எது இயல்பாக வரும், எது வராது என்று கைகளாலேயே தெரிந்திருப்பதுதான் முதலீடு.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. டிரம்ஸில் நான் வரியின் முடிவில் சற்று முந்திவிடுவேன்; அதன்மேல் பேஸ் கிடாரை வாசிக்கும்போது அதே கை அதே இடத்தில் முந்துவதால், இரண்டும் ஒத்துப்போய்ப் பிழை மறைந்துவிடும். பிறகு வேறொருவர் வந்து பாட முயலும்போதுதான் அது வெளிப்படும். எனவே, வாரத்தில் ஒரு நாளாவது பிறரோடு சேர்ந்து வாசியுங்கள்.

மறுமொழி 3

தங்கள் நான்கில் ஏற்கனவே இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. வயலினின் நான்கு தந்திகளுக்கும் மாண்டலினின் நான்கு தந்தி இணைகளுக்கும் சுருதி அமைப்பு ஒன்றே; கிடாரின் கீழ்ச்சுருதித் தந்திகள் நான்கையும் ஒரு ஸ்தாயி இறக்கினால் பேஸ் கிடார். புதிதாக எதையும் தேடாமல் இந்த இரண்டையும் எடுத்தால், அழைப்பு வரும் வாய்ப்புகள் கூடும். நேரத்தை நாள்தோறும் நான்காகப் பிரிக்காமல், ஆறு வாரம் ஒன்றுக்கு முதலிடம் கொடுத்து, மற்றவற்றை மறக்காத அளவுக்கு மட்டும் தொட்டு வாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வயலினையே தாய் வாத்தியமாகக் கொள்கிறேன். அடுத்த ஆறு வாரங்களுக்கு அதற்கு ஒன்றரை மணி நேரம். மீதி அரை மணி நேரத்தை மற்ற மூன்றும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். என் டிரம்ஸ் பதிவு ஒன்றை நேற்றிரவு தனியே கேட்டுப் பார்த்தேன். நானும் வரியின் முடிவில் முந்துகிறேன்.