ஓசுமி நோபல் வாங்கியது விரதத்துக்கா? புற்றுநோயாளிகளைப் பட்டினி போடச் சொல்லாதீர்கள்

ஆய்வகத்தான்:
காலையில் குடும்பக் குழுவில் மறுபடியும் அதே ஃபார்வர்டு. 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பிடித்துத் தின்றுவிடுமாம். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கொடுத்தார்களாம். போன வாரம் இங்கே நோன்பாளியும் இதையே எழுதினார், பலர் கைதட்டினீர்கள்.

ஓசுமி பார்த்தது ஈஸ்ட். செரிக்கும் நொதி இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சில மணி நேரத்தில் அதன் வாக்குவோலுக்குள் (செல்லின் செரிமானப் பைக்குள்) குட்டிக் குட்டி உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தன. செல் தன் உடம்பிலிருந்தே துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டி அனுப்பிய சரக்கு அது. செல் இப்படித் தன்னையே செரிப்பதற்குப் பெயர்தான் ஆட்டோஃபேஜி. நொதி இருந்திருந்தால் கரைந்துபோயிருக்கும், கண்ணில் பட்டிருக்காது. இந்த வேலை பழுதான ஈஸ்டுகளைத் தேடிப் பிடித்து 1993இல் வெளியிட்டார். அந்த வேலையில் புற்றுநோயும் இல்லை, ஏகாதசியும் இல்லை.

வளர்ந்துவிட்ட கட்டிக்கு இந்த ஆட்டோஃபேஜிதான் சோறு போடுகிறது. கட்டியின் நடுவில் ரத்தம் எட்டாத இடத்தில் இருக்கும் செல்கள் தம்மையே செரித்து உயிரைப் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து ஐலீன் வைட் குழு 2006இலிருந்து இதைக் காட்டிவருகிறது. கணையப் புற்றுநோய்ச் செல்களில் இந்த வேலையை நிறுத்தினால் அவற்றின் வளர்ச்சி படுத்துவிடுகிறது, 2011இல் வந்த ஆய்வு. விரதம் இருந்து இதையா தூண்டிவிடச் சொல்கிறீர்கள்?

நோன்பாளி:
என் பெயரை இழுத்ததால் பதில் சொல்கிறேன். ஆட்டோஃபேஜிக்குத் தேவையான பெக்லின்-1 என்ற மரபணுவை ஏன் மறைத்தீர்கள்? 1999இல் பெத் லெவின் குழு மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் பெக்லின்-1 குறைவாக இருப்பதைப் பார்த்து, அதைத் திரும்பச் சேர்த்தது. ஆட்டோஃபேஜி திரும்பியது, கட்டி வளர்வது குறைந்தது. மார்பகம், சினைப்பை, புராஸ்டேட் புற்றுநோய்களில் 40 முதல் 75 சதவீதம் வரை இந்த மரபணுவின் ஒரு பிரதி காணாமல் போயிருக்கிறது என்று அதே குழு எழுதியிருக்கிறது. ஆட்டோஃபேஜி குறைந்தால் புற்றுநோய். 1999 ஆய்வு நேச்சர் இதழில் வந்தது, என் பாட்டி சொன்னது இல்லை.

ஆய்வகத்தான்:
மறைக்கவில்லை. 17ஆம் குரோமோசோமில் பெக்லின்-1க்குப் பக்கத்து வீடு பி.ஆர்.சி.ஏ.1, பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கு வழிவிடும் மரபணு. மார்பக, சினைப்பைப் புற்றுநோயில் அந்தப் பகுதி மொத்தமாகப் பிய்ந்துபோகும்போது பெக்லினும் கூடவே போகிறது. 2014இல் ஆயிரக்கணக்கான கட்டிகளின் மரபணுத் தரவைப் பார்த்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள்: பெக்லின் மட்டும் தனியாகப் போனதற்குச் சான்று இல்லை. உங்கள் 40 - 75 அங்கேயே அடிபட்டுப் போச்சு.

நோன்பாளி:
அப்போ எலி? 2003இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் எலியில் பெக்லின்-1இன் ஒரு பிரதியை மட்டும் எடுத்தார்கள். பி.ஆர்.சி.ஏ.1ஐத் தொடவே இல்லை. அந்த எலிகளுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) வந்தது, நுரையீரலில் வந்தது, கல்லீரலில் வந்தது. பக்கத்து வீட்டுக் கதையை எலியிடம் போய்ச் சொல்லுங்கள்.

மலர்க்கொடி:
ஒரு நிமிஷம். நோன்பாளி அண்ணா, நீங்கள் சொல்வது புற்றுநோய் வருவதற்கு முன்னால். அவர் சொல்வது வந்த பிறகு. இரண்டும் வேறு வேறுதானே? முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டு பேசலாமே.

ஆய்வகத்தான்:
எலிக்கு வருகிறேன். பெக்லின் ஆட்டோஃபேஜிக்கு மட்டும் வேலை செய்யும் புரதம் இல்லை, செல்லுக்குள் வேறு போக்குவரத்தையும் பார்க்கிறது. ஆட்டோஃபேஜியை நேரடியாக நிறுத்த வேண்டுமென்றால் அதற்கே உரிய ஏ.டி.ஜி.5 மரபணுவை எடுக்க வேண்டும். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர் மிசுஷிமாவின் குழு எலியின் உடம்பில் ஆங்காங்கே அதை எடுத்துப் பார்த்தது. கட்டி வந்தது கல்லீரலில் மட்டும், அதுவும் பரவாத சாதாரணக் கட்டி. லிம்போமா எங்கே? நுரையீரல் எங்கே?

நோன்பாளி:
கட்டி வந்ததா, இல்லையா? வந்தது. போதும்.

ஆய்வகத்தான்:
புற்றுநோய் வந்ததா? வரவில்லை. கழலைக்கும் புற்றுநோய்க்கும் வித்தியாசம் தெரியாமல்தான் ஊருக்கு விரதம் சொல்கிறீர்கள்.

நோன்பாளி:
வித்தியாசம் எனக்குத் தெரியும். நான் கேட்டது பெக்லின் எலி, நீங்கள் காட்டுவது வேறு எலி. 2003 எலிக்குப் பதில் சொல்லுங்கள்.

கடைவீதி:
ஆய்வகத்தான் சார், கணையப் புற்றுநோய்க்கு ஆட்டோஃபேஜியை நிறுத்த என்ன மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள் என்று சொல்லவே இல்லையே. ஹைட்ராக்சி குளோரோகுயின்தானே? 2020இல் நான் அந்த மாத்திரையைப் பற்றி எழுதியபோது என்னை எல்லோர் முன்னாலும் முட்டாள் என்றீர்கள். இன்று அதே மாத்திரை உங்களுக்கு இனிக்கிறதா?

ஆய்வகத்தான்:
நீங்கள் எழுதியது கொரோனாவுக்கு. அது பலிக்கவில்லை, அன்று சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன். செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குள் அமிலம் குறைந்தால் பொட்டலம் கரையாது, குளோரோகுயின் வகை அந்த இடத்தில் கை வைக்கிறது. அதனால் சோதித்தார்கள்.

கடைவீதி:
சோதித்து என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்கள்.

நோன்பாளி:
நான் சொல்கிறேன். 2019இல் வந்தது, பரவிய கணையப் புற்றுநோய், 112 பேர், எல்லோருக்கும் கீமோ, பாதிப் பேருக்குக் கூடவே இந்த மாத்திரை. ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 41 சதவீதம், எடுக்காதவர்களில் 49 சதவீதம். ஆட்டோஃபேஜியை நிறுத்தி நீங்கள் காப்பாற்றிய லட்சணம் இது.

ஆய்வகத்தான்:
கட்டி சுருங்கிய கணக்கை ஏன் விட்டீர்கள்? மாத்திரையோடு 38 சதவீதம், இல்லாமல் 21. பாதியைப் படித்துவிட்டு எழுதும் பழக்கம் உங்களுக்கு எப்போதும் உண்டு. குளோரோகுயின் மொட்டையான கத்தி, அது ஆட்டோஃபேஜியை மட்டும் வெட்டுவதில்லை. அது தோற்றால் கருத்தே தோற்றது என்று ஆகாது.

நோன்பாளி:
சுருங்கி என்ன பயன், ஆள் போய்விட்டால்? எலி உங்களுக்கு ஒத்துவந்தால் அறிவியல், எனக்கு ஒத்துவந்தால் பக்கத்து வீடு. மனிதரில் சோதனை ஒத்துவராவிட்டால் கத்தி மொட்டை. வளர்ந்த எலியின் உடம்பு முழுக்க ஆட்டோஃபேஜிக்குத் தேவையான இன்னொரு மரபணு ஏ.டி.ஜி.7ஐ எடுத்தபோது என்ன நடந்தது? 2014, அதே ஐலீன் வைட். சில மாதங்களில் நரம்பு கெட்டும் தொற்று வந்தும் செத்தன. பட்டினி போட்டபோது ரத்தச் சர்க்கரை இறங்கிச் செத்தன. நிறுத்தினால் சாவு, இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆய்வகத்தான்:
அந்த எலிகளில் நுரையீரல் கட்டி முதலில் சுருங்கியது. அந்த வரிக்கு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்.

மலர்க்கொடி:
நான் கேட்டதை இருவருமே கண்டுகொள்ளவில்லை. பரவாயில்லை, ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மாமியாருக்குக் கீமோ நடக்கிறது. இந்த ஃபார்வர்டைப் படித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார், யார் சொல்லியும் கேட்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. எடை குறைந்ததால் அடுத்த கீமோவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவருக்கு பெக்லின் இருக்கிறதா, இல்லையா என்று இங்கே யாருக்குத் தெரியும்?

நோன்பாளி:
தங்கச்சி, கீமோ நடக்கும்போது டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. நெதர்லாந்தில் மார்பகப் புற்றுநோய் வந்த 131 பேரில் ஒரு பகுதியினருக்குக் கீமோவுக்கு முன்னால் சில நாள் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். ஸ்கேனில் கட்டி சுருங்கியது அவர்களிடம் அதிகம்.

ஆய்வகத்தான்:
கட்டி முற்றிலும் மறைந்தவர்கள் கணக்கில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை, அதையும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். மருத்துவர்கள் பக்கத்தில் இருந்து நடத்தியது அது. வாட்ஸ்அப்பைப் படித்துவிட்டு வீட்டில் தானாகச் சாப்பாட்டை நிறுத்துவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மலர்க்கொடி, மாமியாரைச் சாப்பிடச் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, தயிர், எது இறங்குகிறதோ அது.

கடைவீதி:
நேற்றுவரை ஆய்வகம், இன்று டாக்டரும் ஆகிவிட்டீர்களா? 2020இல் என்னிடம் முதலில் கேட்டதே நீங்கள் டாக்டரா என்றுதான்.

ஆய்வகத்தான்:
அந்தப் பழைய கதைக்குத் தனி இழை போடுங்கள், வந்து பதில் சொல்கிறேன். நோன்பாளி, முதல் கேள்வி அப்படியே கிடக்கிறது. ஓசுமியின் எந்தக் கட்டுரையில் விரதம் மனிதரின் புற்றுநோயைக் குணமாக்கும் என்று இருக்கிறது? தலைப்பையும் வருஷத்தையும் போடுங்கள்.

நோன்பாளி:
2003 எலிக்கு முதலில் பதில் வரட்டும். ஒரு பிரதி பெக்லின், பி.ஆர்.சி.ஏ.1 பத்திரமாக இருந்தது, லிம்போமா வந்தது. ஏன்?

ஆய்வகத்தான்:
சொல்லியாகிவிட்டது. மேலே போய் ஏ.டி.ஜி.5ஐப் படியுங்கள்.

நோன்பாளி:
அது வேறு எலி.